லெட்ஸ் ஈட் கிராண்ட்மா: இரண்டாவது ஆல்பம் கேட்கலாமா?

கேள்வி: லெட்ஸ் ஈட் கிராண்ட்மா என்ற பெயரில் பாடும் இங்கிலாந்தின் நார்விச் தோழிகள் ஜென்னி, ரோசா இருவரின் முதல் ஆல்பம் 'ஐ, ஜெமினி' (2016) எனக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. அந்த ரெக்கார்டர் குழல் ஊதலும் மழலைக் குரலும் தாங்கவில்லை. 2018இல் வந்த 'ஐ'ம் ஆல் இயர்ஸ்' வேறு ரகம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். முதலில் 'ஹாட் பிங்க்' போடுங்கள். மின்னணு இசைத் தயாரிப்பாளர் சோஃபியும், ஹாரர்ஸ் ராக் குழுவின் ஃபாரிஸ் பத்வானும் சேர்ந்து உழைத்த பாட்டு. பூனை மாதிரி பதுங்கிப் போகும். கோரஸில் சின்தசைசர் ஒலி தகரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், காது பத்திரம்! அந்த ஆண்டு பிரிட்டனின் க்யூ இசைப் பத்திரிகையின் சிறந்த ஆல்பம் விருதும் இந்த ஆல்பத்துக்குத்தான்.

இன்னொருவர் பதில்: இந்த ஆல்பத்தில் சோஃபி கை வைத்தது இரண்டே பாட்டுதான். மீதியில் பெரும்பங்கு தயாரிப்பாளர் டேவிட் ரெஞ்ச். அவரை ஏன் யாரும் பேசுவதில்லை? கடைசிப் பாட்டு 'டானி டார்கோ' பதினோரு நிமிடம். கிட்டாரில் மெதுவாக ஆரம்பித்து, ஆட வைக்கும் தாளத்துக்கு மாறும். நடுவில் ஓட்டிவிட்டுக் கேட்காதீர்கள்.

கேட்டவர்: சரி, 'ஹாட் பிங்க்' கேட்டாச்சு. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடா உடைஞ்சுது?" என்கிறார். அப்புறம் அந்தப் பதினோரு நிமிடத்தை ராத்திரிக்கு வைத்திருக்கிறேன்.