பிளேட்லெட் 58,000: அப்பாவின் ரிப்போர்ட்டும் அரை டம்ளர் பப்பாளி இலைச் சாறும்

கோபி பக்கம் எங்கள் ஊர். போன ஐப்பசியில் அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை எடுத்தோம். காய்ச்சல், சளி எதுவும் இல்லை. அன்று காலைகூட வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் வந்தார். பொழுதோட வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் 58,000, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. இருக்க வேண்டியதோ ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்.

டெங்கு சீசன் வேறு. விஷயம் தெரிந்த அரை மணி நேரத்தில் சித்தப்பா ஒரு கை பப்பாளி இலையோடு வந்து நின்றார். அம்மா அரைத்துப் பிழிந்து அரை டம்ளர் நீட்டினார். "ஏங்கண்ணு, எனக்கு என்ன நோவுன்னாச்சும் சொல்லீட்டுக் குடுங்க" என்று முனகிக்கொண்டே அப்பா குடித்தார்.

மறுநாள் ஈரோட்டில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். "பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருதுங்களா? உடம்புல செவப்புப் புள்ளி?" எதுவும் இல்லை. நம்பரை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கூடவே வேறு குழாயிலும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முதலில் எடுத்தது ஊதா மூடிக் குழாய். ரத்தம் உறையாமல் இருக்க அதில் இடிடிஏ என்ற மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். மெஷின் அளவை வைத்து எண்ணுவதால், கொத்தாகக் கிடப்பதைப் பிளேட்லெட் கணக்கிலேயே சேர்க்காது.

லேப் பெண் எனக்கும் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். பெரிய வட்டங்களுக்கு நடுவே, பொரியுருண்டை பிடித்த மாதிரி ஊதாத் துகள்கள் ஓரிடத்தில் அப்பிக் கிடந்தன. ஒட்டுவதெல்லாம் குழாய்க்குள்தான், அப்பாவின் உடம்புக்குள் அல்ல. இளநீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் எடுத்ததற்கு 2,10,000 வந்தது. அந்தக் குழாயில் இருக்கும் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்வதால், வந்த எண்ணோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்வார்களாம். அடுத்த முறை எங்கே ரத்தம் கொடுத்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள் என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிப் பிரயோஜனம் இல்லை. ஒரே ராத்திரியில் 58,000-ஐ இரண்டு லட்சமாக்கிய பப்பாளி இலையைப் பற்றி இன்றைக்கும் ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

இனி மற்ற வீடுகளில் நடந்தவை, அவரவர் சொன்னபடி. எங்கள் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) வெறும் வயிற்றுச் சர்க்கரை 131. வீடே துக்க வீடாகிவிட்டது. துருவிக் கேட்டால், வழியில் பேக்கரியில் ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும். "டீ எல்லாம் சோத்துக் கணக்குல வருமாக்கும்?" என்கிறார். அடுத்த வாரம் கூடவே காவல் இருந்து கூட்டிப்போனேன். 97.

*

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய கட்டம் என்பார்கள். ஆனால் வெறும் வயிற்றில் 91தான் இருந்தது. டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து குறைந்தால் புதுச் சிவப்பணுக்கள் குறைவாக உருவாகும், ரத்தத்தில் பழையவையே அதிகம் இருக்கும். அவற்றில் சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருப்பதால் எண் ஏறிக் காட்டலாம் என்றார். முதலில் இரும்பு மாத்திரை, கொழுந்தனார் வாங்கி வந்த சர்க்கரை மாத்திரைக்கு வேலையில்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் நாலு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தோம். 5.5.

*

எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். காங்கேயம் பக்கம், அம்மாவுக்கு 60 வயது. மூன்று வருஷமாக ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.7, அடுத்த வருஷம் 0.9, அப்புறம் 1.1. தாளில் போட்டிருக்கும் அளவும் 1.1 வரை சரி என்றுதான் சொல்கிறது. புதிதாக வந்த டாக்டர் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வயதையும் பெண் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிட்னி வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இறங்கியிருந்தது.

"என்ன மாத்திரைங்க சாப்படறீங்க?"

அம்மா ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். சித்த நேரம் கழித்துச் சுருக்குப்பையை அவிழ்த்தார். பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதற்கடியில் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை அட்டை. ரெண்டு வருஷமாக மூட்டு வலிக்கு ராத்திரிக்கு ஒன்று. டாக்டர் அட்டையை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"செரிங்க சாமி, அதெய நிறுத்திப்போடறேன். வலிக்கு என்னத்தக் குடுக்கறீங்க?" என்றார் அம்மா.