சிஎஸ்கேவோட ஆறுச்சாமி சிவம் துபேவை டிரேடு பண்ணலாமா? 12 கோடி கணக்கு (2025 டிசம்பர் ஐபிஎல் ஏலத்துக்குப் பிறகான ரசிகர் திரி)

வாலாஜா ரோடு:

மினி ஏலம் முடிஞ்சு, அணிகள் வீரர்களைக் கைமாத்திக்கற டிரேடு விண்டோ மறுபடி திறந்திருக்கு. நம்ம மிடில் ஆர்டரைப் பாருங்க: பிரெவிஸ், துபே, கார்த்திக் சர்மா, பிரசாந்த் வீர், சர்ஃபராஸ், அப்புறம் தல தோனி. தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசல். ஆனா பதிரனாவை விட்டதுக்கு அப்புறம் கடைசி நாலு ஓவர் (டெத் ஓவர்) போட யார் இருக்கா? கலீலும் கம்போஜும் புதுப் பந்துக்காரங்க. எல்லிஸ் தேறுவார், அவர் வெளிநாட்டுக் கோட்டா.

துபே 2023ல 418 ரன், ஸ்ட்ரைக் ரேட் 158. 2024ல 396 ரன், 162. 2025ல 357 ரன் எடுத்தும் ஸ்ட்ரைக் ரேட் 132க்கு இறங்கிடுச்சு. சம்பளம் 12 கோடி. ஐபிஎல்ல பந்து போடறதும் அபூர்வம். பேர் இருக்கும்போதே கொடுத்துட்டு ஒரு நல்ல இந்திய டெத் பவுலரை வாங்கிட்டா என்ன?

மஞ்சள் ரத்தம், குடும்பம், அந்த வசனமெல்லாம் வேணாம். கணக்கோட சொல்லுங்க.

பர்ஸ் கணக்கு:

ரூலைப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கிடும் பாஸ்.

விண்டோ ரெண்டு கட்டமா வரும். சீசன் முடிஞ்சு 7 நாள் கழிச்சு திறக்கும், ஏலத்துக்கு 7 நாள் முன்னாடி மூடும். ஏலம் முடிஞ்சதும் திரும்பத் திறந்து, அடுத்த சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் இருக்கும். இப்ப நடந்த ஏலத்துல வாங்கின ஆளை இந்த ரெண்டாவது கட்டத்துல கைமாத்த முடியாது. அதனால தலா 14.2 கோடி போன கார்த்திக், பிரசாந்த் ரெண்டு பேரும் பேச்சுலயே இல்லை. துபே தக்கவைச்ச வீரர், அவரைத் தரலாம். அவர் சம்மதமும் வேணும், போர்டு ஒப்புதலும் வேணும். வீரர் தானா போய் இன்னொரு அணியோட பேரம் பேசக் கூடாது. ஜடேஜா 2010 சீசன் முழுக்க வெளிய உட்கார்ந்தது அதனாலதான்.

இப்ப நம்ம நிலைமை. 25 பேர் நிரம்பியாச்சு. வெளிநாட்டு வீரர் 8, அதுவும் நிரம்பியாச்சு. பர்ஸ்ல, அதாவது அணி வீரர்களுக்குச் செலவு பண்ணலாம்னு இருக்கற வரம்புல, மிச்சம் 2.4 கோடி. ஒருத்தரைக் கொடுத்து ஒருத்தரைத்தான் வாங்க முடியும், அவரும் இந்தியரா இருக்கணும், சம்பளம் 14.4 கோடிக்குள்ள இருக்கணும்.

அர்ஷ்தீப் மாதிரி ஆளைக் கேட்டீங்கன்னா அவர் 18 கோடி. பஞ்சாப் தரமாட்டாங்க, அது வேற விஷயம். தந்தாலும் 6 கோடி வித்தியாசம், கையில இருக்கறது 2.4. நடராஜன் 10.75 கோடி, நமக்கு 1.25 கோடி மிஞ்சும், ஆனா டெல்லி அந்த 1.25 கோடியைத் தங்கள் பர்ஸ்ல காட்டணும். சம்பளத்தைக் குறைச்சுக்க வீரர் ஒத்துக்கிட்டா வழி பிறக்கும். சஞ்சுவுக்காக ராஜஸ்தானுக்குப் போன டிரேடுல ஜடேஜா 18ல இருந்து 14 கோடிக்கு இறங்கினார் இல்லையா, அது மாதிரி. டிரான்ஸ்ஃபர் ஃபீன்னு அணிகள் தங்களுக்குள்ள கொடுத்துக்கற தொகை பர்ஸ்ல சேராது. ரசிகர்கள் இதைத்தான் அடிக்கடி குழப்பிக்கறாங்க.

ஆளே வாங்காம காசுக்கு மட்டும் கொடுத்தா? 14.4 கோடியை வெச்சு ஊறுகாய் போடலாம். ஏலம் முடிஞ்ச பிறகு வெளியில இருந்து ஆள் எடுக்கணும்னா யாராவது காயம்பட்டாலோ விலகினாலோதான் வழி. 2023 நவம்பர்ல மும்பை, கிரீனை 17.5 கோடிக்கு பெங்களூருக்குக் காசாவே கொடுத்தாங்க. அது ஏலத்துக்கு முன்னாடி, 15 கோடி ஹார்திக்குக்கு இடம் பண்ண. நேரம்தான் அங்க எல்லாமே. (2024ல மும்பை கடைசி இடம், அதையும் நினைவுல வெச்சுக்கோங்க.)

ஐ-ஜே-கே ஸ்டாண்ட்:

ரூல் ஒரு பக்கம் இருக்கட்டும். துபேவை எடுத்துட்டு பேட்டிங் வரிசையை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.

சஞ்சு, மாத்ரே, ருதுராஜ், பிரெவிஸ், சர்ஃபராஸ், கார்த்திக், தோனி. அத்தனை பேரும் வலது கை! பிரசாந்த் வீர் ஒருத்தர்தான் இடது கை, அவர் ஏழாவது எட்டாவதுல வருவார். ஜடேஜாவும் இப்ப இல்லை. எதிரணி கேப்டனுக்கு இதைவிட சுகம் வேணுமா? இடது கை சுழலும் லெக் ஸ்பின்னும் வலது கைக்காரங்களுக்கு வெளிய திரும்பும். சேப்பாக்கத்துல பந்து நின்னு வர்ற நாள்ல ரெண்டு பேரையும் 7வது ஓவர்ல இருந்து 14 வரைக்கும் தொடர்ந்து போடுவாங்க, ஓவருக்கு 6 ரன்னுல ஆட்டம் முடிஞ்சிடும். துபேவுக்கு அதே ரெண்டு பந்தும் உள்ள வரும், அவர் கை வீச்சுக்குள்ள.

2024 மார்ச், குஜராத்தோட சேப்பாக்கம் மேட்ச் நினைவிருக்கா? ரஹானே அவுட்டாகி உள்ள வந்த துபே, சாய் கிஷோரோட முதல் ரெண்டு பந்தையும் சிக்ஸ் அனுப்பினார். 23 பந்துல 51. சாய் கிஷோர் நம்ம ஊர் பையன், இந்த பிட்ச்சை உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவர், அவருக்கே அந்த கதி. இதோட பலன் ஸ்கோர்கார்டுல பாதிதான் தெரியும். துபே நிக்கறார்னு கேப்டன் சுழலை நிறுத்தி வேகத்தைக் கொண்டு வருவார். டெத்துக்கு வெச்சிருந்த ஒரு ஓவர் 11வது ஓவர்லயே செலவாகும். அந்த ரன்னைக் கடைசியில தோனியோ வேற யாரோ எடுப்பாங்க, துபே கணக்குல ஏறாது.

132 ஸ்ட்ரைக் ரேட் பத்தி: 2023ல முன்னாடி கான்வே 672 ரன், ருதுராஜ் 590 ரன். துபே உள்ள வரும்போது மேடை போட்டு வெச்சிருந்தாங்க. 2025ல ருதுராஜ் முழங்கை காயத்தோட போயிட்டார், மேலே யாரும் நிலைக்கலை. கொல்கத்தாவோட சேப்பாக்கத்துல 103/9 அடிச்சோமே, அதுல துபே 29 பந்துல 31 நாட் அவுட். நம்ம அணியோட டாப் ஸ்கோரே அதுதான். எதிர்ப்பக்கம் ஆள் நிக்காத நாள்ல எப்படிச் சுத்துவார்?

ஷார்ட் லெக்:

மேல சொன்னதுல பாதிக்கு நான் உடன்படறேன். மீதிப் பாதியை யாரும் சொல்லமாட்டேங்கறீங்க.

துபேவை அடக்கற வழி இப்ப பத்து அணிக்கும் தெரியும். வலது கை வேகப்பந்து வீச்சாளர் ரவுண்ட் த விக்கெட் வரணும். முழு நீளமும் இல்லாம பவுன்சரும் இல்லாம, விலாவுக்குக் குறி வெச்ச பந்து. டீப் ஸ்கொயர், டீப் மிட்விக்கெட், ஃபைன் லெக் மூணு பேரும் எல்லையில. மிட் ஆஃப் உள்வட்டத்துல, தைரியம் இருந்தா தூக்கிப் பார்னு. அவர் கிரீஸுக்குள்ள ஆழமா நின்னு, கால் அதிகம் நகர்த்தாம, கை வீச்சை நம்பி ஆடறவர். உடம்பை நோக்கி வந்தா அந்த வீச்சுக்கு இடமே கிடைக்காது. சிங்கிள்தான் வரும், 10 பந்துல 8 ரன், அழுத்தம் எதிர்முனை பேட்ஸ்மேன் மேல ஏறும்.

2025 ஏப்ரல்ல லக்னோவோட 37 பந்துல 43 நாட் அவுட், ஜெயிச்சோம். ஆனா அதைக் கரை சேர்த்தது தோனியோட 11 பந்து 26. மே மாசம் ஈடன்ல 40 பந்துல 45. அங்கயும் பிரெவிஸ் 25 பந்துல 52 அடிச்சதாலதான் மூச்சு வந்தது. 12 கோடி பவர் ஹிட்டர் நங்கூரம் போடறார், 2.2 கோடி ஆள் சிக்ஸ் அடிக்கறார். இது தலைகீழ் இல்லையா?

சுழலுக்கு எதிரா அசைக்க முடியாத ஆள்னும் சொல்லாதீங்க. 2024 மே மாசம் பஞ்சாபோட அடுத்தடுத்து ரெண்டு மேட்ச், ரெண்டுலயும் முதல் பந்துலயே டக். சேப்பாக்கத்துல ஹர்ப்ரீத் பிரார், தர்மசாலாவுல ராகுல் சாஹர். ஒருத்தர் இடது கை சுழல், ஒருத்தர் லெக் ஸ்பின். சாஹரை இப்ப 5.2 கோடிக்கு நாமளே வாங்கி வெச்சிருக்கோம்!

பேரைப் பார்த்து ஆளைப் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு டெல்லியைப் பாருங்க. 2018 நவம்பர்ல தவானுக்காக விஜய் சங்கர், நதீம், அபிஷேக் சர்மா மூணு பேரையும் ஹைதராபாதுக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. அந்த அபிஷேக் 2024ல 484 ரன், 42 சிக்ஸ்.

பர்ஸ் கணக்கு:

அபிஷேக் கதையை எல்லாரும் பாதியில நிறுத்திடறாங்க. தவான் 2020ல 618 ரன் அடிச்சு டெல்லியை ஃபைனலுக்கே கொண்டு போனார். அவங்க கேட்ட பொருள் கிடைச்சது. அபிஷேக்கும் டிரேடு ஆனதால மட்டும் ஹைதராபாத்ல நிலைக்கலை, 2022 மெகா ஏலத்துல 6.5 கோடி போட்டு திரும்ப வாங்கினாங்க. டெல்லியும் அன்னைக்குக் கையைத் தூக்கியிருக்கலாம்.

துபே ஸ்ட்ரைக் ரேட்டையும் ரன்னா மாத்திப் பாருங்க. 2025ல 270 பந்து ஆடியிருக்கார். 2023 வேகத்துல ஆடியிருந்தா 427 வந்திருக்கும். குறைஞ்சு போன ரன் 70, 14 மேட்ச், மேட்சுக்கு 5 ரன். கடைசி இடத்துக்குப் போனதுக்கு இந்த 5 ரன்தான் காரணம்னா சிரிப்புதான் வரும்.

டக்அவுட்:

நான் பேஸ்பால் பார்க்கறவன். அங்க இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும். 2022ல வாஷிங்டன், 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் கொடுக்கறோம்னு சொல்லியும் ஹுவான் சோட்டோ ஒத்துக்கலை. உடனே சான் டியாகோவுக்கு டிரேடு பண்ணி ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட்னு இளசுகளைக் கூட்டமா வாங்கினாங்க. அது அங்க செல்லும். ஏன்னா மேஜர் லீக்குக்கு வந்த இளைஞனை சுமார் ஆறு வருஷம் அணி தன் பிடியில வெச்சுக்கலாம். இன்னைக்கு அடிக்கறவனைக் கொடுத்து நாளைக்கு அடிக்கப் போறவனை வாங்கறது அங்க நிஜமான வியாபாரம்.

இங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மெகா ஏலம் வந்து கரும்பலகையை அழிச்சிடும். இந்தச் சுற்று 2027ஓட முடியுது. துபேவோட மதிப்பு 2026, 2027 ரெண்டு சீசன் மட்டும். பதிலுக்கு வர்ற ஆளோட மதிப்பும் அதே ரெண்டு சீசன்தான். எதிர்காலத்துக்காக டிரேடுங்கற வாதம் இங்க செல்லாக் காசு. 2026 ஏப்ரல்ல யார் அதிக ரன்னு பெறுமானம் தருவாங்க, அவ்வளவுதான் கேள்வி.

வாலாஜா ரோடு:

சரி, டிரேடு ஆசையை மூட்டை கட்டியாச்சு. ஷார்ட் லெக் சொன்ன ஓட்டையை எப்படி அடைக்கறது? துபே எப்ப உள்ள வரணும்?

ஐ-ஜே-கே ஸ்டாண்ட்:

விக்கெட்டை எண்ணாதீங்க, எதிரணி சுழலுக்கு மிச்சம் எத்தனை ஓவர்னு எண்ணுங்க. அஞ்சாவது ஓவர்ல ரெண்டு விக்கெட் விழுந்தா துபே வேண்டாம், பந்து புதுசு, வேகம் இருக்கு. அங்க பிரெவிஸ் போகட்டும், இல்லன்னா சர்ஃபராஸ். சுழலுக்கு குறைஞ்சது நாலு ஓவர் பாக்கி இருக்கும்போது துபே உள்ள இருக்கணும். 15 ஓவர் வரைக்கும் விக்கெட்டே விழலைன்னா அவரை இறக்கறதுல அர்த்தம் இல்லை. கடைசி அஞ்சும் வேகம்தான், கார்த்திக்கை அனுப்பலாம். பேர் வரிசையை முன்னாடியே ஒட்டி வெச்சுட்டு அதையே பிடிச்சுக்கிட்டா திரும்ப அந்த 40 பந்து 45தான் வரும்.

டாஸ் தோத்து முதல்ல பீல்டிங்னா அவரை லெவன்ல சேர்க்காம இம்பாக்ட் பிளேயரா, அதாவது ஆட்டத்துக்கு நடுவுல ஒருத்தருக்குப் பதிலா இறக்கற ஆளா, வைக்கணும். அந்த இடத்துல சாஹரோ முகேஷோ நாலு ஓவர் போடலாம். முதல்ல பேட்டிங்னா துபே ஆடி முடிச்சதும் பவுலரை உள்ள விடலாம். லெவன்ல நாலு வெளிநாட்டுக்காரங்க இருந்தா இம்பாக்டா வர்றவர் இந்தியரா இருந்தே ஆகணும், துபே அதுக்கும் பொருந்தறார். டிரேடு பண்ணா இந்த வசதியும் சேர்ந்து போயிடும்.

ஷார்ட் லெக்:

இம்பாக்ட் விஷயம் சரி. ஆனா அவரை வாரத்துக்கு ரெண்டு ஓவராவது பந்து போட வைங்க. 2025 ஆசியக் கோப்பையில யுஏஇயோட ரெண்டு ஓவர்ல 4 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தவர், சேப்பாக்கத்துல வேகம் குறைச்சுப் போட்டா எடுபடாதா என்ன? ரெண்டு ஓவர் கிடைச்சா 12 கோடி எனக்கும் உறுத்தாது.

வாலாஜா ரோடு:

டெத் ஓவர் இன்னும் அப்படியே நிக்குது பாஸ். எல்லிஸா, ஹென்றியா, ஓவர்ட்டனா? நூர், பிரெவிஸ் போக ரெண்டு வெளிநாட்டு இடம்தான் மிச்சம். தனித் திரி போடறேன், அங்க வாங்க.