‘ரிட்ஜ்லைன்’: முகட்டுக் கயிறா, நாணா?

சிங்கப்பூர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். சாரணர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற ஹேமக்கைத் ‘தொங்குபடுக்கை’ என்று எழுதிவிட்டேன்; அதில் வம்பு வேண்டாம். சிக்கல் ‘ரிட்ஜ்லைன்’, அதாவது படுக்கைக்கு மேலே நீளவாக்கில் ஓடும் கயிறு. அதற்கு எந்தக் கயிறு வாங்குவது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இயந்திரத்திடம் கேட்டால் ‘மேட்டுக்கோடு’ என்கிறது. காப்பாற்றுங்கள்.

திருச்சி, செவ்வாய் விடிகாலை

தம்பி, முகடு இருக்க வேறெங்கே தேடுகிறீர்கள்? கூரை உச்சியில் ஓடும் மரம் முகட்டு வளை, பேச்சில் மோட்டுவளை. வேலையில்லாதவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடப்பது அதைத்தான். அகப்பை ஆப்பையானது போல முகடு மோடானது. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும்: முகட்டுக் கயிறு. முடிந்தது.

ஆனால் தொங்குபடுக்கை எனக்கு உவப்பில்லை. பழந்தமிழில் தூங்குதல் என்றாலே தொங்குதல்தான். தூங்கெயில் அந்தரத்தில் தொங்கிய கோட்டை. உறங்கிய கோட்டை அல்ல. தூக்கணாங்குருவியும் தூங்கிவழிவதால் அப்பெயர் பெறவில்லை. அணை என்றால் படுக்கை. ‘தூங்கணை’ என்று வையுங்கள். தொங்கவும் செய்யும், தூங்கவும் வைக்கும். ஹேமக் என்ற சொல்லே நம் ‘அமைக்கை’யிலிருந்து போயிருக்குமோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

கோவை, செவ்வாய் மதியம்

> நம் ‘அமைக்கை’யிலிருந்து போயிருக்குமோ

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடைய சொல். 1492இல் போன கொலம்பஸ் கூட்டம் அங்கே பார்த்தது, ஸ்பானியம் வழியாகப் பரவியது. தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் ‘காயர்’ என்கிறார்களே, அது மலையாளக் கயர், நம் கயிற்றின் உடன்பிறப்பு. அந்தப் பெருமை போதும்.

காட்டில் படுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ரிட்ஜ்லைன் என்பது ஒரு கயிறு இல்லை, இரண்டு. மழைக்கு மேலே கட்டும் தார்ப்பாயைத் தாங்குவது ஒன்று. படுக்கையின் இரு முனைகளையும் இணைத்துத் தலைக்கு மேலே ஓடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது நம் எடையைத் தாங்குவதில்லை. முனைகள் விலகிப்போகாமல் பிடித்துவைத்து, படுக்கையின் தொய்வை ஒரே அளவில் நிறுத்துகிறது. கொசுவலையும் அதில்தான் தொங்கும். நீளம் படுக்கையில் 83 விழுக்காடு என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 335 செ.மீ. படுக்கைக்கு 278 செ.மீ.

அதனால்தான் பாராகார்டு உதவாது. 4 மி.மீ. நைலான், 250 கிலோ தாங்கும் என்பதெல்லாம் சரி, ஆனால் இழுத்தால் நீளும். கயிறு நீண்டால் 83 எங்கே நிற்கும்? டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு நீளாது; 2.8 மி.மீ. கயிறே 700 கிலோ அளவுக்குத் தாங்கும். வழுக்கல் கயிறு, சாதாரண முடிச்சு நிற்காது, கயிற்றுக்குள்ளேயே கயிற்றைக் கோத்துக் கண்ணி போட வேண்டும். சுமார் 150 பாகை செல்சியஸில் உருகிவிடும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நைலான் நனைந்தாலும் தொய்யும். ஒருமுறை தார்ப்பாயைப் பாராகார்டில் கட்டிவிட்டுப் படுத்தேன். விடியும்போது அது என் மூக்கின் மேல் இருந்தது.

சென்னை, செவ்வாய் இரவு

கடையில் போய் முகட்டுக் கயிறு என்று கேட்டால் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கொடுப்பார்கள். ரிட்ஜ்லைன் என்றே விடுங்கள்.

கோவை, அப்போதே

ரிட்ஜ்லைன் என்று கேட்டாலும் கொடிக்கயிறுதான் தருவார்கள்.

மதுரை, புதன்

கோவைக்காரர் சொன்னதைப் படித்ததும் கரும்பலகையில் வரைந்து பார்த்தேன். படுக்கை ஒரு வில். அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு எது? பள்ளிக் கணக்கில் நாங்கள் தினமும் சொல்லும் சொல், நாண். வில்லில் கட்டுவதும் நாண்தான். மேலே கூரைக்கு முகட்டுக் கயிறு இருக்கட்டும். உள்ளே இருப்பது நாண். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் குழப்பினால் நாமும் குழப்ப வேண்டுமா?

இன்னொன்று. படுக்கையை மரத்தில் கட்டும் பட்டை கிடைமட்டத்தோடு 30 பாகையில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் இழுவிசை படுப்பவரின் எடைக்குச் சமம். 15 பாகைக்கு இறுக்கிக் கட்டினால் ஏறக்குறைய இருமடங்கு, 80 கிலோ ஆளுக்கு 155 கிலோ. அந்த மிகுதியை வாங்கிக்கொள்வது இந்தக் கயிறு. நாண் ஏற்றுவது என்கிறோமே, அதேதான்.

திருச்சி, புதன் மாலை

அம்மா, அருமை. ஞாண் என்று எழுதினால் இன்னும் அருமை. அரைஞாணில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

கோவை, புதன் இரவு

நாண் என்றால் பையன்களுக்கு ரொட்டிதான் நினைவுக்கு வரும். அம்மாவின் கணக்கில் பிழையில்லை, பயம் வாசகரைப் பற்றி. ஞாண் என்றால் அரைஞாண் கயிற்றில் கொசுவலை தொங்கவிட்டுக் கேலி செய்வார்கள்.

யாழ்ப்பாணம், வியாழன்

எல்லாரும் கயிற்றைப் பிடித்து இழுக்கிறீர்கள். எங்கள் பக்கம் பிள்ளையைச் சேலையில் கட்டித் தாலாட்டுவதை ஏணை என்போம். கொங்குப் பக்கம் தூளி என்பார்களாம். பெரிய ஆளுக்குப் பெரிய ஏணை. தூங்கணை, தொங்குபடுக்கை எல்லாம் எதற்கு?

சிங்கப்பூர், வியாழன் நள்ளிரவு

எல்லாருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினால் முகட்டுக் கயிற்றுக்கு ஆறு, நாணுக்கு இரண்டு, ஞாணுக்கு ஒன்று, அப்படியே விடச் சொன்னவர் ஒருவர். ‘கூரை முகட்டுக் கயிறு’, ‘படுக்கை முகட்டுக் கயிறு’ என்று பிரித்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலை அச்சகம்.

மதுரை, வெள்ளி

படுக்கைக்கு ஏது முகடு? அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள். வகுப்பில் நான் நாண் என்றுதான் சொல்லப்போகிறேன்.

யாழ்ப்பாணம், சனி

ஏணையைப் பற்றி ஒருவரும் மறுமொழி எழுதவில்லை.