30 கவுண்ட் நூல் என்கிறார்களே, எதை எண்ணுகிறார்கள்?

புதுக்கணக்கு: மதுரையிலிருந்து வந்து திருப்பூரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கிறேன். காலையிலிருந்து போனில் "என்ன கவுண்ட்?" என்பதுதான் பேச்சு. கவுண்ட் என்றால் எண்ணுவது என்றுதானே படித்தோம், இங்கே எதை எண்ணுகிறார்கள்? 20ஐவிட 40 மெல்லிசாக இருக்கிறது, விலையும் அதிகம். நம்பர் ஏறினால் தடிமனும் ஏற வேண்டாமா?

பல்லடம் மில்லுக்காரன்: எண்ணுவதுதான் தம்பி, எண்ணுவது சிட்டத்தை. 840 கஜம் நூல் ஒரு சிட்டம், வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் கவுண்ட். அதே ஒரு பவுண்டுப் பஞ்சை 20 சிட்டத்துக்குப் பதிலா 40 சிட்டமாக இழுத்தால் மெலிந்துதானே ஆகணும்? 40 ஓட்டும்போது ஸ்பிண்டிலில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிரில்) ஷிப்டுக்கு இறங்கும் கிலோவும் குறைவு, பஞ்சும் நீள இழையாக வேணும், விலை ஏறுவது அதனால். லேபில் 840 கஜத்தையும் சுற்றிக்கொண்டு உட்கார மாட்டோம். ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ராப் ரீலில் 80 சுற்று, ஆக 120 கஜம், அறுத்துத் தராசில் வைத்தால் 40க்கு 1.62 கிராம் காட்டணும். கூடக் காட்டினால் நூல் தடிமனா ஓடுகிறது என்று அர்த்தம், உடனே சூப்பர்வைசருக்குப் போன் பறக்கும்.

பனியன் யூனிட்: பில் எழுதும்போது ஒண்ணு கவனிங்க. 2/40 என்றால் இரண்டு 40 இழையை முறுக்கியது, தடிமன் 20 மாதிரிதான் வரும். கோம்டா (பஞ்சைச் சீவிக் குட்டை இழையை எடுத்தது) செமி கோம்டா (குறைவாகச் சீவியது) என்பதையும் கேட்டு எழுதுங்க, கவுண்ட் ஒண்ணா இருந்தாலும் விலை வேற. பேப்பர்க்காரர்கள் '30ஆம் நம்பர் நூல்' என்று போடுவதும் இதே கவுண்ட்தான்.

சென்னிமலை தறி: பெட்ஷீட் அட்டையில் '300 திரெட் கவுண்ட்' என்று இருக்குமே, அதை இதோடு குழப்பிக்காதீங்க. அது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையுமா எத்தனை இழை என்ற கணக்கு. பாலியஸ்டர், லைக்ராவுக்கெல்லாம் டெனியர்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது.

புதுக்கணக்கு: சரிங்ணா, அப்போ லைக்ரா 40 டெனியர் என்றால் 20 டெனியரைவிடத் தடிமனா?

சென்னிமலை தறி: ஆமாங்க, அங்கே தலைகீழ். அதனால வெறும் 40 என்று மட்டும் பில்லில் எழுதிடாதீங்க, ராத்திரி குடோனிலிருந்து போன் வரும்.