மென்டசீனோ கடற்கரையில் காலி மனை: வீட்டுப் படம் முதலா, குழி முதலா?

தூண்டில்:
அமெரிக்காவின் கலிபோர்னியா, மென்டசீனோ கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). நெடுஞ்சாலை 1-க்கு மேற்கே இரண்டு ஏக்கர் காலி மனை. மேற்கு எல்லையே செங்குத்துக் கரை விளிம்பு. கிணறு இல்லை, செப்டிக் (வீட்டுக் கழிவு நீரை மனையிலேயே மண்ணில் இறக்கும் அமைப்பு) இல்லை. மூன்று படுக்கையறை வீட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்றால் முதல் செலவு ஆர்க்கிடெக்டுக்கா, மண் சோதனைக்கா? அபிப்பிராயம் வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

கோட்டுச்சித்திரம்:
ஆர்க்கிடெக்ட். சந்தேகமே வேண்டாம். இங்கே பில்டிங் பெர்மிட்டுக்கு முன்னால் கோஸ்டல் டெவலப்மென்ட் பெர்மிட் என்ற கடலோர அனுமதி வாங்க வேண்டும். அது நடைமுறைக்கு வராமல் பில்டிங் பெர்மிட் கிடைக்காது. அந்த விண்ணப்பத்தில் மனை வரைபடம், அறை அமைப்பு, வெளித்தோற்றம், பூச்சு நிறம், வெளி விளக்கு வரை கேட்பார்கள். மனு சேர்ந்த 30 நாளுக்குள் அது முழுமையா இல்லையா என்று கவுன்டி எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். படம் இல்லாமல் போட்டால் வரும் பதில் "முழுமையில்லை".

களிமண்:
மனு போடுற அன்னைக்குப் படம் வேணும், சரி. முதல் நாளே எதுக்கு? பொண்ணு பார்க்காம மண்டபம் புக் பண்ற கதையா இருக்கு.

"மூன்று படுக்கையறை"ன்னு எழுதினீங்களே, அதை முடிவு பண்றது ஆர்க்கிடெக்ட் இல்லை, செப்டிக். இங்கே கழிவு நீர் அளவைக் குளியலறையை வச்சுக் கணக்குப் போட மாட்டாங்க, படுக்கையறையை வச்சுத்தான். பேக்ஹோங்கிற தோண்டு இயந்திரத்தால குழி வெட்டி மண்ணோட தன்மை, ஆழம், துரு நிறப் புள்ளி இருக்கான்னு பார்ப்பாங்க. அந்தப் புள்ளி இருந்தா மழைக்காலத்துல தண்ணி அவ்வளவு உயரம் வந்து நிக்குதுன்னு அர்த்தம். இந்தக் கரை முழுக்கப் பழைய கடல் மேடைகள் (ஒரு காலத்துல கடலடியா இருந்து மேலே எழுந்த தட்டு நிலம்). சில இடத்துல கொஞ்சம் தோண்டினாலே கல் மாதிரி இறுகின அடுக்கு. தண்ணி கீழே இறங்காது. சந்தேகமான மனைக்கு மழைக்காலச் சோதனை கேட்பாங்க. அந்தக் குளிர்காலத்தைத் தவறவிட்டா அடுத்த மழை வரைக்கும் சும்மாதான் உட்காரணும்.

இப்போ இடக் கணக்கு. கிணத்துக்கும் லீச் ஃபீல்டுக்கும் (செப்டிக் தண்ணி மண்ணுல இறங்குற இடம்) நடுவே 100 அடி. கிணத்தைச் சுத்தி அந்த வட்டம் மட்டுமே சுமார் 31,400 சதுர அடி. உங்க இரண்டு ஏக்கர் 87,120. மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. பக்கத்து மனைக்காரர் கிணறு எல்லையோரமா இருந்தா அவர் வட்டமும் உங்க நிலத்துக்குள்ள வரும். லீச் ஃபீல்டு ஒண்ணு போதாது, பழுதானா மாத்த அதே அளவு இடம் காலியா விடணும்.

கோட்டுச்சித்திரம்:
வட்டக் கணக்கு சரி. உயரக் கணக்கை மறந்துவிட்டீர்கள். நெடுஞ்சாலைக்கு மேற்கே "மிகு காட்சிப் பகுதி" என்று குறித்த இடங்களில் இயற்கைத் தரையிலிருந்து 18 அடிதான். பொதுப் பார்வையைக் கெடுக்காது, சுற்றுப்புறத்தோடு ஒட்டும் என்று காட்டினால்தான் அதற்கு மேல். 18 அடியில் மாடி எடுப்பது கடினம். 2,000 சதுர அடி வீடு முழுவதும் தரையிலேயே பரவும். மனையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதே இதனால் மாறுகிறது. அது தெரியாமல் எந்த மூலையில் குழி வெட்டுவீர்கள்?

கரையை ஆராயும் ஜியாலஜிஸ்டும் அரிய செடிகளைத் தேடும் பயாலஜிஸ்டும் கேட்கும் முதல் கேள்வியும் "வீடு எங்கே?" என்பதுதான். பதில் இல்லையென்றால் பொதுப்படையாக ஓர் அறிக்கை தருவார்கள். பிறகு திருத்தம், அதற்கு மறுபடி கட்டணம்.

களிமண்:
18 அடி விஷயம் ஒத்துக்கிறேன். அதுக்கு ஒரு மணி நேர ஆலோசனை போதும், முழு வரைபடம் வேண்டாம்.

வீடு எங்கே வரக் கூடாதுன்னு முதல்ல தெரியணும். கரை விளிம்புலேருந்து தூரத்துக்குக் கவுன்டி விதியே சூத்திரம் தருது: 75 ஆண்டு பெருக்கல் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் கரை தேயுதுங்கிறது. ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா 11.25 மீட்டர், ஏறக்குறைய 37 அடி. பழைய வான்வழிப் படங்களையும் பாறையையும் பார்த்து வேகத்தைச் சொல்றவர் ஜியாலஜிஸ்ட். சரிவு நிலையா நிக்காதுன்னு அவர் நினைச்சா இன்னும் பின்னால தள்ளுவார். பின்னால கடல் நெருங்கினா தடுப்புச் சுவர் கேட்க மாட்டேன்னு பத்திரத்துல பதியச் சொல்லி நிபந்தனை வரும். அதனால இந்த எண்ணைக் கம்மியாக் காட்டணும்னு ஆசைப்படாதீங்க.

கிழக்குத்திசை:
இத்தனை தொல்லை எதற்கு? நெடுஞ்சாலைக்குக் கிழக்கே வாங்குங்கள், கடலோர அனுமதியே தேவையில்லை. மேற்கேதான் வேண்டும் என்றால் பயாலஜிஸ்ட் வரும் முன் புதரை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். செடி இல்லையென்றால் அரிய செடியும் இல்லை.

வேலிக்காவல்:
இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு.

கடலோர மண்டலத்தின் எல்லை நெடுஞ்சாலை அல்ல. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக உயர் அலைக் கோட்டிலிருந்து 1,000 கெஜம் உள்ளே. முக்கியமான கழிமுக, வாழிடப் பகுதிகளில் முதல் பெரிய மலைமுகடு அல்லது ஐந்து மைல், எது குறைவோ அது வரை. சாலைக்குக் கிழக்கேயும் நிறைய மனை இதற்குள் அடங்கும். மனை எண்ணைச் சொல்லிக் கவுன்டி வரைபடத்தில் பாருங்கள்.

பெரிய அளவில் செடிகொடி அகற்றுவதே சட்டப்படி "டெவலப்மென்ட்". அனுமதியில்லாமல் செய்தால் மாநிலக் கடலோர ஆணையம் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 11,250 டாலர் வரை அபராதம் போட முடியும். வெட்டியதை மறுபடி நட்டு வளர்க்கவும் சொல்வார்கள். பழைய வான்வழிப் படம் எல்லாரிடமும் இருக்கிறது.

தாவர ஆய்வு பூக்கும் காலத்தில்தான் செல்லும். இங்குள்ள அரிய செடியான கடற்கரை லில்லி மே முதல் ஆகஸ்ட் வரை பூக்கும். டிசம்பரில் யார் வந்து பார்த்தாலும் பயனில்லை. வேறு செடிகள் அதற்கு முன்பே பூத்து முடிந்துவிடும், ஆகவே ஒரே வருகை போதாது. அரிய வாழிடம் என்று உறுதியானால் அதிலிருந்து 100 அடி தள்ளித்தான் கட்ட வேண்டும். மாநில மீன், வனவிலங்குத் துறையோடு கலந்து பேசி, தேவையில்லை என்று நிறுவினால் 50 அடி வரை குறையும். அதற்குக் கீழே விதி இடம் தராது.

தூண்டில்:
மனை முழுக்கவே வாழிடம் என்று வந்தால்? குட்டை மரக் காடு (மண் காரணமாக மரங்கள் குள்ளமாகவே நிற்கும் காடு) இருக்கும் மனைகளில் அப்படித்தானே ஆகும்?

வேலிக்காவல்:
ஆகும். அங்கே மண்ணும் உதவாது: அடியில் இறுகிய அடுக்கு, குளிர்காலத்தில் தேங்கும் நீர். செப்டிக்கும் வாழிடமும் ஒரே காரணத்தால் சிக்கும்.

அதற்காக ஒன்றுமே கட்ட முடியாது என்றில்லை. இழப்பீடு இல்லாமல் சொத்தைப் பறிக்கும் விதமாக அனுமதி மறுக்கக் கூடாது என்று கடலோரச் சட்டத்தின் 30010-ஆம் பிரிவு சொல்கிறது. மிகக் குறைந்த அளவில் ஒரு வீடு விடுவார்கள். அதற்கு வாங்கிய தேதி, விலை, கட்டிய வரி, அக்கம்பக்கத்து வீடுகளின் அளவு எல்லாம் கேட்பார்கள். சிக்கல் தெரிந்து சல்லிசாக வாங்கியவரின் வாதம் அங்கே பலவீனம்.

கோட்டுச்சித்திரம்:
பாருங்கள், அக்கம்பக்கத்து அளவோடு ஒப்பிட்டுச் சிறிதாக்குவது வரைபவர் வேலை. தீயணைப்பு விதியும் அப்படியே. ஒரு ஏக்கருக்கு மேலான மனையில் எல்லையிலிருந்து 30 அடி தள்ளிக் கட்ட வேண்டும். வீட்டைச் சுற்றி 100 அடிக்குத் தீப்பிடிக்கும் புல், புதரைக் குறைக்க வேண்டும். வாழிடத்திலிருந்து 50 அடியில் வீடு வைத்துவிட்டு 100 அடி செதுக்கினால் எதன் மேல் கத்தி விழும்? மாற்று இடங்களை வரைந்து பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது.

களிமண்:
வரைந்து பாருங்க, பென்சிலால. 40 பக்கக் கட்டுமானப் படத்தை இப்பவே போட வேண்டாம்னுதான் சொல்றேன். வீட்டை 60 அடி கிழக்கே நகர்த்தினா அஸ்திவாரம், வடிகால் எல்லாம் மறுபடி.

கிழக்குத்திசை:
எல்லாம் முடித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் அப்பீல் போட்டால் போச்சு. அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

வேலிக்காவல்:
எல்லா மனைக்கும் இல்லை. கடலுக்கும் முதல் பொதுச் சாலைக்கும் நடுவே, அல்லது கரை விளிம்பிலிருந்து 300 அடிக்குள், அல்லது ஈரநிலம், ஓடையிலிருந்து 100 அடிக்குள் இருந்தால் அப்பீல் கடலோர ஆணையத்துக்குப் போகும். கேள்வியில் உள்ள மனை அதில்தான் வரும். கவுன்டியின் முடிவு ஆணையத்துக்குக் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். ஆணைய உறுப்பினர் இருவர் சேர்ந்தும் போடலாம். கனமான பிரச்சினை உண்டு என்று ஆணையம் கருதினால் முழு விசாரணையும் முதலிலிருந்து. மெலிந்த தாவர அறிக்கையும் பழைய ஜியாலஜி அறிக்கையும் அங்கே பிடிபடும்.

தூண்டில்:
மனை இன்னும் வாங்கவில்லை என்றால்?

களிமண்:
அப்போ பாதி சண்டை தேவையில்லை. கவுன்டியில சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுல மனை எண்ணைச் சொல்லி பழைய செப்டிக் சோதனை இருக்கான்னு கேளுங்க. அடுத்து, அண்டை மனைகளோட கடலோர அனுமதிக் கோப்பு. அது பொது ஆவணம். தாவர ஆய்வு, கரை தேயுற வேகம் எல்லாம் உள்ளே இருக்கும். ஒப்பந்தத்துல குழி வெட்ட அனுமதியும் சோதனை தோத்தா விலகுற உரிமையும் எழுதி வாங்குங்க.

கிழக்குத்திசை:
மழைக்காலம், பூக்காலம் இரண்டுக்கும் காத்திருக்கும் விற்பனையாளர் யார்?

களிமண்:
காத்திருக்க மாட்டார்னா விலை குறையணும். குறையலைன்னா விடுங்க.

கோட்டுச்சித்திரம்:
ஒன்றை யாரும் தொடவில்லை. நெடுஞ்சாலை 1-இலிருந்து நேரே டிரைவ்வே இறங்கினால் மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் அனுமதி தனி. வளைவில் பார்வைத் தூரம் போதவில்லை என்றால் வாயிலை நகர்த்தச் சொல்வார்கள். வாயில் நகர்ந்தால் டிரைவ்வே எதன் மேல் போகிறது? நல்ல லீச் ஃபீல்டு மண் மேலேயா, செடி மேலேயா? குழி வெட்டும் முன் இதையாவது கேளுங்கள்.

களிமண்:
இது நியாயம். சர்வேயரை வச்சு உயரக்கோடு, எல்லை, சாலை வாயில் மூணையும் ஒரே தாளில் எடுத்துட்டு, அதுக்கப்புறம் பேக்ஹோ வரட்டும். ஆர்க்கிடெக்ட் அதுக்கும் அப்புறம்தான்.