கிட்: ஒரே கோப்பை ஐந்தாகப் பிரித்த பிறகு பழைய வரலாறு எங்கே போனது?

தேயிலைப்பூ கேட்டது:

வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். மொபைலில் தமிழில் அடிப்பதால் கட்டளைகளையும் உச்சரிப்பிலேயே போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் மலையகம் 200 (மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம்) நினைவு நிகழ்வுகள் ஊரூராக நடந்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தோட்டத்துச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினோம். பிரட்டு, கவ்வாத்து, தவறணை, கைக்காசு, அரைப் பேர், இப்படி. ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் வாயில் வந்த மாதிரியே எழுதி வைத்தோம். எல்லாம் சொற்கள்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில், கிட்டில் (கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) இருந்தது. கோப்பு பெரிதாகிப்போனதால் போன வருடம் அதை வேலை, வீடு, சாப்பாடு, சடங்கு, மலை என்று ஐந்தாகப் பிரித்து, பழையதை அழித்துவிட்டோம்.

நேற்று வேலை.டிஎக்ஸ்டியைத் திறந்து பார்த்தால் ‘கொந்தரப்பு’ என்ற சொல்லுக்கு எதிரே ‘ஒப்பந்த வேலை’ என்று இரண்டே சொல். அங்கே என் அப்பாயி சொன்ன ஒரு முழு வாக்கியம் இருந்தது, நான்தான் எழுதினேன். இடையில் யாரோ சுருக்கிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், அகராதி மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். அப்பாயி இப்போது இல்லை, திரும்பக் கேட்டு எழுத முடியாது.

கிட் லாக் வேலை.டிஎக்ஸ்டி என்று கொடுத்தால் பிரித்த நாள் வரைக்கும்தான் காட்டுகிறது, நான்கே கமிட் (ஒவ்வொரு முறையும் சேமித்த பதிவு). பெயர் மாறிய கோப்பையும் தொடரும் என்று --ஃபாலோ போட்டுப் பார்த்தேன், அதே நான்கு. அதற்கு முந்தைய ஒன்றரை வருட வரலாறு அழிந்துவிட்டதா? போதாததற்கு கோப்புப் பெயர் வர வேண்டிய இடத்தில் \340\256 என்று எண்களாக வருகிறது. உதவுங்கள்.

கவ்வாத்துக்கத்தி எழுதியது:

ஒன்றும் அழியவில்லை தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

கிட் பெயர் மாற்றத்தை எங்கேயும் பதிந்து வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் மொத்தக் கோப்புறையும் எப்படி இருந்தது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் --ஃபாலோ என்று கேட்கும்போதுதான் அது உட்கார்ந்து, இந்தக் கமிட்டில் ஒரு கோப்பு போயிருக்கிறது, இன்னொன்று வந்திருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. சாதாரணமாக 50 சதவீதமாவது ஒத்திருந்தால்தான் பெயர் மாறியது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றை ஐந்தாக வெட்டியிருக்கிறீர்கள், அதில் எந்தத் துண்டும் பாதி அளவுக்கு வந்திருக்காது, அதனால்தான் ஐந்தையும் புதுக் கோப்பு என்று நினைக்கிறது.

ஆகவே புதுப் பெயரை விட்டுவிட்டுப் பழைய பெயரைக் கேளுங்கள்:

கிட் லாக் -பி -- சொற்கள்.டிஎக்ஸ்டி

நடுவில் தனியாக நிற்கும் அந்த இரண்டு கோடு கட்டாயம் வேண்டும். கோப்பு இப்போது வட்டில் இல்லாததால், கோடு போடாவிட்டால் நீங்கள் சொல்வது கிளையின் (தனியாகப் பிரிந்து ஓடும் கமிட் வரிசையின்) பெயரா கோப்பின் பெயரா என்று தெரியாமல் பிழை காட்டி நின்றுவிடும். -பி போட்டால் ஒவ்வொரு கமிட்டிலும் எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று கூட்டல் கழித்தல் குறியோடு வரும். கோப்பை அழித்த கமிட்தான் மேலே நிற்கும். அதற்கு முந்தைய நிலையில் முழுக் கோப்பையும் பார்க்க:

கிட் ஷோ கமிட்எண்^:சொற்கள்.டிஎக்ஸ்டி

அந்தக் கூரைக் குறிக்கு ‘இதற்கு முந்தையது’ என்று பொருள்.

எண்களாக வரும் பெயருக்கு கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ் என்று ஒருமுறை கொடுங்கள், தமிழ் தமிழாகவே வரும். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோரும் கிட் நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

பண்டாரவளை_பனி எழுதியது:

அண்ணா சொன்னது சரி. ஆனால் ஒன்றரை வருடக் கமிட்டை -பியில் கண்ணால் தேடினால் விடிந்துவிடும். வாக்கியத்தில் ஒரு சொல் நினைவிருந்தால் அதை வைத்தே கேட்கலாம்:

கிட் லாக் --ஆல் -பி -எஸ்'கொந்தரப்புக்கு'

எஸ் பெரிய எழுத்து. ஒரு கோப்பில் அந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் எடுத்துத் தரும். சேர்த்த கமிட்டும் வரும், எடுத்த கமிட்டும் வரும். கோப்பின் பெயரே கொடுக்க வேண்டியதில்லை, அது எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும். --ஆல் போட்டால் மற்றக் கிளைகளிலும் தேடும்.

இப்போது இருக்கிற வரிகளை முதலில் யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் கிட் பிளேம் -சி -சி வேலை.டிஎக்ஸ்டி (சியும் பெரிய எழுத்து). இரண்டு சி போட்டால், கோப்பு உருவான கமிட்டில் வரிகள் வேறு கோப்பிலிருந்து வந்தனவா என்றும் பார்த்து, பழைய கோப்பில் எழுதியவரையே காட்டும். ஆனால் நீக்கிய வரி பிளேமில் வரவே வராது, அதற்கு லாக்தான்.

தேயிலைப்பூ எழுதியது:

குவோட்பாத் சரியாகிவிட்டது, மிகவும் நன்றி. ஆனால் -எஸ் கொடுத்தால் வெறுமையாக வருகிறது, ஒரு கமிட்கூட இல்லை. அந்தச் சொல் அதில் இருந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்ன பிழை விடுகிறேன்?

பதுளை_ரயில் எழுதியது:

டேட்டா மிச்சம் பிடிக்க, குளோன் செய்யும்போது (தொகுப்பை இறக்கும்போது) கடைசிச் சில கமிட்டுகள் மட்டும் வரட்டும் என்று --டெப்த் போட்டீர்களா? எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதே பாடு என்பதால் நான் அப்படித்தான் எடுப்பேன், பிறகு வரலாறு பாதியில் அறுந்து நிற்கும். அப்படியென்றால் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ கொடுங்கள், மிச்சமும் வந்துவிடும்.

கவ்வாத்துக்கத்தி எழுதியது:

அது இல்லை என்று நினைக்கிறேன், பழைய கமிட்டுகள் இல்லாவிட்டாலும் வரியைச் சுருக்கிய கமிட் அந்த நான்கில் இருக்கும், -எஸ் அதையாவது காட்டியிருக்கும். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். அந்த நாளில் பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) அடித்து, பிறகு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினீர்களா?

தேயிலைப்பூ எழுதியது:

ஆமாம் அண்ணா! முதல் மூன்று நான்கு மாதம் அப்படித்தான், கடையில் இருந்த கம்ப்யூட்டரில் பாமினிதான் இருந்தது.

கவ்வாத்துக்கத்தி எழுதியது:

அப்போ பிடித்துவிட்டோம். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. சில மாற்றிகள் பாமினியில் அடித்த கொம்பையும் காலையும் அப்படியே இரண்டாக விட்டுவிடும். நம் விசைப்பலகை ஒரே குறியாக அடிக்கும். கிட் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது, அதற்கு இரண்டும் வேறு வேறு சொல்.

‘கொ’வை விட்டுவிட்டு மிச்சத்தைத் தேடுங்கள்: -எஸ்'ந்தரப்புக்கு'. ஒ, ஓ, ஔ ஓசை வருகிற எந்த உயிர்மெய்யும் தேடும் துண்டில் இருக்கக் கூடாது.

தேயிலைப்பூ எழுதியது:

கிடைத்துவிட்டது!!

மூன்று கமிட் வந்தது. 2023 ஆகஸ்டில் நான் எழுதியது, பிரிக்கும்போது வேலை.டிஎக்ஸ்டிக்கு வந்தது, அதற்குப் பிறகு சுருக்கியது. சுருக்கிய கமிட்டில் கழித்தல் குறி போட்டு அந்த வரி அப்படியே நிற்கிறது:

‘கொந்தரப்பு: ஒரு ஏக்கர் புல்லு கொந்தரப்புக்கு எடுத்தா குடும்பமே மலைக்குப் போவணும், பிள்ளைங்களும் வரும். பேரு மட்டும் ஒருத்தருக்குத்தான் விழும்.’

‘ஒப்பந்த வேலை’ என்ற இரண்டு சொல்லுக்குள் இதில் எதுவுமே இல்லை, இல்லையா? வாசித்தபோது அப்பாயி பக்கத்தில் இருந்து சொல்வது போலவே இருந்தது. வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், கமிட் செய்தியில் யார் சொன்னது என்றும் எழுதினேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பண்டாரவளை_பனி எழுதியது:

மிகவும் சந்தோஷம் அக்கா. ‘பேரு விழும்’ என்பதற்கும் தனியாக ஒரு வரி போடுங்கள். வெளியில் இருப்பவர்கள் அதை ஆளின் பெயர் என்றுதான் வாசிப்பார்கள், ஒரு நாள் சம்பளக் கணக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், பழைய ‘கொ’க்களை ஒரே வடிவத்துக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் அதைத் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள். சொல் திருத்தத்தோடு கலந்துவிட்டால் அடுத்த முறை தேடுகிறவருக்கு எது மாறியது என்றே புரியாது.