தெக்குவெளிக்கு பெல்ட் வண்டி

(குழு: வெள்ளச்சி வாரிசுகள் 🌾 | 2025 தை 4, வெள்ளிக்கிழமை)

குமார்: நெல்லறுக்குற பெல்ட் வண்டி கெடச்சிருச்சு. பக்கத்தூர்ல அறுத்துட்டு இருக்கான், ராத்திரி 9 மணிக்கு நம்மூருக்கு வர்றேங்குறான், மணிக்கு 2700. ஞாயித்துக்கிழமை மழைங்கறாங்க, அதுக்குள்ள தெக்குவெளி வயல் 9 மாவையும் (மூணு ஏக்கர்) அறுத்தாகணும். ஆனா வண்டி எறங்குறதுன்னா சித்தப்பா வயல் வழியாத்தான்

தீபா: எந்த சித்தப்பா

தீபா: ஓ

செல்வி அத்தை: 🌹 இனிய வெள்ளிக்கிழமை காலை வணக்கம் 🙏

குமார்: அத்தை மணி அஞ்சாகுது

செல்வி அத்தை: காலைல நெட்டு இல்லடா

வினோத் சிங்கப்பூர்: எங்க வயல் இன்னும் பச்சையால்ல இருக்கு. அப்பா ஐப்பசிலதானே நட்டாரு

குமார்: ஆமாடா. ஓரமா எட்டடி அகலம் மிதிபடும், அவ்ளோதான். அதுக்கு எத்தன மூட்டையோ நான் குடுத்துடுறேன். நேர்ல போயி கேட்டேன். பாக்கலாம்னாரு

தீபா: அவரு பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம் 😂

தீபா: திங்கக்கிழமை அறுத்தா என்ன

குமார்: 2021 பொங்கலுக்கு பேஞ்சத மறந்துட்டியா. சாஞ்ச நெல்லு வயல்லயே மொளச்சு கெடந்துச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல் சென்டர்ல எடுக்க மாட்டாங்க, குவிண்டாலுக்கு 2405 பேப்பர்லதான் இருக்கும்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். அவசரப்படாம மொதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும், போன வருஷம் மேட்டூர் டேம ஜூன் 12 தொறக்கல, ஜூலை 28தான் தொறந்தாங்க, கடமடைக்கு தண்ணி வந்து சேரும்போது ஆடி முடிஞ்சுபோச்சு, போர்வெல் இருக்கறதால ராஜேந்திரன் மொத போகம் குறுவை போட்டு அறுத்துட்டு ரெண்டாம் போகம் தாளடி நட்டான், போர்வெல் இல்லாத குமாரு ஒரு போகம் போதும்னு சியார் 1009 நெல்லு தெளிச்சான், அது 155 நாள் பயிரு, ஆவணி பொறந்ததும் தெளிச்சது இப்ப தல சாஞ்சு நிக்குது, ஆக ஒரே வாய்க்கா தண்ணி குடிச்சாலும் ரெண்டு வயலுக்கும் வயசு வேற. எங்க அப்பா காலத்துல சித்திரைல ராமநாதபுரத்துலேர்ந்து ஆடு மேய்க்கிற கீதாரி வந்து வயல்ல எருவுக்கு ஆட்டுக்கெடை போடுவாரு, கோடை உழவு, ஆனில நாத்தங்கால், வெளி முழுக்க ஒண்ணா நடவு ஒண்ணா அறுப்பு, அறுக்குற ஆளுங்க வரப்பு மேலயே வந்துட்டு கட்ட தூக்கிட்டு போயிருவாங்க, வண்டித்தடம்னு ஒண்ணு தேவையே படல. அதனாலதான் 87ல பாகம் பிரிச்சப்ப யாரும் தடம் எழுதல

தீபா: பெரியப்பா மூச்சு விடுங்க

செல்வி அத்தை: அண்ணே அருமையா சொன்னீங்க 👏👏 வண்டி வருதா வரலையா

வினோத் சிங்கப்பூர்: தடம் எழுதலங்கறது சரி பெரியப்பா. வரப்புல நின்ன தென்னமரத்தையும் எழுதலையே

குமார்: டேய்

செல்வி அத்தை: எந்த மரம், கஜா புயல்ல விழுந்ததே அதா? 1100 ரூபா நிவாரணம் வந்துச்சே. அதுக்காடா ரெண்டு பேரும் எங்க வீட்டு காதுகுத்துல ஆளுக்கொரு பந்தில உக்காந்தீங்க

குமார்: பணம் அப்பா கணக்குல ஏறிடுச்சு அத்தை. அப்பா குடுக்கத்தான் பாத்தாரு, சித்தப்பா வாங்கல

வினோத் சிங்கப்பூர்: ஆள் விட்டு குடுத்தா எப்படி வாங்குவாரு

கமலம்: செத்துப்போன மனுஷன ஏன் இழுக்குறீங்க

கமலம்: குமாரு வண்டி அறுத்தா வைக்கோல் தூளாயிரும் மாட்டுக்கு என்னத்த போடுறது வாய்க்காங்கரை 1 மாவ மட்டும் கையறுப்பா விடு

குமார்: ஆள் எங்கம்மா இருக்கு

கமலம்: உளுந்து வேற நேத்துதான் நெல்லுக்கு ஊடால தெளிச்சேன்

பெரியப்பா: அது நல்லதுதான். கையறுப்புன்னா பத்து நாளைக்கு முன்ன தெளிக்கலாம், வண்டி அறுப்புக்கு நாலு நாளைக்கு முன்ன தெளிச்சா போதும், மொள வந்தப்புறம் பெல்ட் ஏறுனா நசுங்கிரும். வெதை மட்டும் ஏக்கருக்கு 10 கிலோவுக்கு பதிலா 12 கிலோ

கமலம்: பத்துதான் போட்டேன்

ராஜேந்திரன் சித்தப்பா: உளுந்து வெதை எங்க வாங்குனது

தீபா: 😳

கமலம்: நம்ம வீட்டு வெதைதான் தம்பி. வேணும்னா 5 கிலோ இருக்கு

செல்வி அத்தை: தம்பி சாப்ட்டியா

குமார்: சித்தப்பா வண்டி விஷயம்

ராஜேந்திரன் சித்தப்பா: மடை பக்கம் ஈரம். சிக்கிக்கும்

குமார்: அப்ப களத்து பக்கமா எறக்கட்டுமா?

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

தீபா: யாரு டெலிட் பண்ணது

வினோத் சிங்கப்பூர்: அப்பாதான். நானும் படிக்கல

தீபா: ஈரம்னா வேற பக்கம் வாங்கன்னு சொல்றாரா, வரவே வேணாங்குறாரா

பெரியப்பா: ஈரம்னா ஈரம்னு அர்த்தம்

குமார்: வண்டிக்காரன் இப்ப 11 மணி ஆகுங்குறான். நான் டார்ச்ச எடுத்துட்டு சித்தப்பா வீட்டுக்கே போறேன்

கமலம்: துண்ட கட்டிக்க பனி பெய்யுது. அந்த 5 கிலோவ எடுத்துட்டு போ

செல்வி அத்தை: 1100யும் எடுத்துட்டு போ

கமலம்: செல்வி நீ சும்மா இரு

தீபா: (10:52) அண்ணே என்னாச்சு

தீபா: (11:40) அண்ணே?

வினோத் சிங்கப்பூர்: அப்பாவும் போன எடுக்கல. வண்டி சத்தம் கேக்குதா பெரியம்மா

கமலம்: கேக்குது எந்த பக்கம்னு தெரியல